'பிகின்' என்னும் சொல்லும் சப்பிரகமுவத் தோட்டங்களும்



ஆங்கிலத்தில் 'பிகின்' என்றொரு வினைச்சொல் உண்டு. கீழ்வகுப்புப் பிள்ளையும் அறிந்த சொல் அது. தொடங்கு என்பது அதன் பொருள். அகராதியைப் புரட்டும் தேவையே எழாத இந்தச் சிறு சொல்லைப் பற்றி வானொலியில் ஒரு பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், ஒரு சொல்லின் பொருளை அகராதியில் மட்டும் தேடினால் போதாது. அச்சொல்லை வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்தனர், அதனால் யார் வாழ்ந்தனர், யார் வாடினர் என்பதையும் பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்க்கப் புகுந்தால், இந்தச் சிறு சொல்லின் வரலாறு கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர் மரநிழல் வரை நம்மைக் கொண்டுவந்து விடுகிறது.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் 'பெகின்னன்' என வழங்கிற்று. அக்காலத்தில் இதனினும் பெருவழக்காயிருந்தது 'ஒன்கின்னன்' என்னும் மற்றொரு வடிவம். இரண்டிலும் 'கின்னன்' என்னும் ஒரே உறுப்பு இருப்பதைக் காதே உணர்த்தும். ஆனால் இந்த உறுப்பு தனித்து எங்கும் வழங்கக் காணோம். முன்னொட்டுடன் சேர்ந்தே வரும். அதன் மூலப் பொருள்தான் யாது? பழைய ஜெர்மன் மொழியில் 'இன்கின்னன்' என்றொரு சொல் உண்டு. தொடங்குதல் என்னும் பொருளோடு வெட்டித் திறத்தல், பிளத்தல் என்னும் பொருளும் அதற்கு இருந்தது. ஆகவே, 'பிகின்' என்பதன் அடியிலும் வெட்டித் திறத்தல் என்னும் கருத்தே கிடக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் கருதுவர். இது முடிந்த முடிபு அன்று. எனினும், பொருத்தமற்ற கருத்தென்று தள்ளுதற்கும் இல்லை. பழத்தை உண்ணப் புகுவோன் அதனை முதலில் அரிகின்றான். நிலத்தைப் பயிரிடப் புகுவோன் அதனை முதலில் கீறுகின்றான். முதல் வெட்டே முதல் தொடக்கம்.

ஆங்கிலத்தில் தொடக்கத்தைக் குறிக்கும் சொற்கள் வேறும் உள. அவற்றுள் ஒன்று 'கொமென்ஸ்'. 1066ஆம் ஆண்டில் நோர்மன் மன்னன் இங்கிலாந்தை வென்றபின், அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சிற்று. அந்த வழியில் வந்த சொல் இது. இதன் வேர் இலத்தீன் மொழியில் 'உட்செல்லுதல்' என்னும் பொருளுடையது. 'இனிஷியேட்' என்பதும் அதே வேரில் கிளைத்ததுதான். 'ஸ்டார்ட்' என்பது திடுக்கிட்டுத் துள்ளி எழுதலைக் குறித்த பழஞ்சொல். பிற்காலத்திலேதான் தொடங்குதல் என்னும் பொருள் அதற்கு ஏறிற்று. வண்டியும் இயந்திரமும் அச்சொல்லைத் தமக்கென எடுத்துக்கொண்டன. 'இனோகுரேட்' என்பது உரோமாபுரியின் நிமித்தகரை நினைவூட்டுவது. அவர்கள் பறவைகள் பறக்கும் திசையைப் பார்த்து நன்மை தீமை கூறினர். நம் முன்னோர் புள் நிமித்தம் பார்த்ததும் இதனை ஒத்ததே. 'ஓப்பன்' என்பது திறத்தல். கூட்டத்தைத் திறத்தல், கணக்கைத் திறத்தல், பாதையைத் திறத்தல் என்று அதுவும் தொடக்கப் பொருளில் வரும்.

இச்சொற்களுக்குள் ஒரு படிநிலை உண்டு. 'பிகின்' வீட்டுச் சொல். தாயும் பிள்ளையும் பேசுவது. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பு முதல் வாக்கியத்திலேயே இவ்வினையிற் பிறந்த பெயரைத்தான் வைத்தது. 'கொமென்ஸ்' சட்டத்தின் சொல். ஒரு சட்டம் நடைமுறைக்கு வரும் நாளை ஆங்கிலச் சட்ட நூல்கள் அச்சொல்லாலேயே குறிக்கும். ஒன்று அடுக்களையில் பேசுவது, மற்றது கச்சேரியில் எழுதுவது. இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னர் இது பெரிதும் பயன்படும்.

இனி நம் மொழியைப் பார்ப்போம். 'தொடங்கு' என்னும் சொல்லைத் 'தொடு' என்பதனோடு உறவுடையதாகக் கொள்ளலாம். தொடுதல் என்பதற்குத் தீண்டுதல் என்பதோடு தோண்டுதல் என்னும் பொருளும் பழந்தமிழில் உண்டு. போர் தொடுத்தல், வழக்குத் தொடுத்தல் என்று இன்றும் கூறுகிறோம். வடமொழியிலிருந்து வந்த 'ஆரம்பம்' பற்றுதல், கைக்கொள்ளுதல் என்னும் பொருளிற் பிறந்தது. 'கால்கொள்ளுதல்' என்பது மற்றொரு தொடக்கச் சொல். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் கண்ணகிக்குக் கல் எடுக்கும் பகுதிக்குக் கால்கோட் காதை என்பது பெயர். ஆங்கிலேயன் வெட்டித் தொடங்கினான் என்றால், தமிழன் தொட்டும், பற்றியும், கால் நாட்டியும் தொடங்கினான் எனலாம். ஆனால் இந்தத் தமிழன் கடல் கடந்து இலங்கை மலைகளுக்கு வந்தபோது அவன் கைக்கு எட்டிய தொடக்கம் எது? அதுவும் வெட்டுதலே ஆயிற்று.

தோட்டத்துத் தமிழைச் சற்றுக் கேளுங்கள். காடு வெட்டு, குழி வெட்டு, கான் வெட்டு, பால் வெட்டு. மரத்தைச் சாய்ப்பது காடு வெட்டு. கன்று நடுவதற்குக் குழி எடுப்பது குழி வெட்டு. மழைநீர் வடிவதற்கு வாய்க்கால் எடுப்பது கான் வெட்டு. இறப்பர் மரத்தின் பட்டையைச் சீவுவது பால் வெட்டு. ஒரு தோட்டத்தின் பிறப்பும் வளர்ப்பும் பயனும் ஆகிய அனைத்தும் வெட்டு என்னும் ஒரே சொல்லுள் அடங்கிவிடுகின்றன. புதிதாகக் காடு வெட்டிக் கன்று வைத்த நிலத்துக்குப் புதுக்காடு என்று பெயர். ஜெர்மானியப் பழஞ்சொல்லின் பொருளை ஒருபோதும் அறிந்திராத மக்கள், அப்பொருளைத் தம் கைகளால் நாள்தோறும் செய்து காட்டினர்.

தோட்டங்களின் தொடக்கத்தை ஆங்கிலப் பதிவேடுகள் எவ்வாறு எழுதின? இன்ன துரை இன்ன ஆண்டில் இத்தோட்டத்தைத் 'திறந்தார்' என்பதே வழக்கமான வாக்கியம். இலக்கணப்படி பார்த்தால் எழுவாய் துரை, செயப்படுபொருள் தோட்டம், பயனிலை திறந்தார் என்பது. குறை ஒன்றும் இல்லாத வாக்கியம்தான். ஆனால் வெட்டிய கைகளுக்கு அதில் இடமில்லை. வேற்றுமை உருபு ஏற்று ஒரு மூலையிலேனும் அவர்கள் நிற்கவில்லை.

அந்த நிலம் யாருடையது என்பதும் ஒரு கேள்வி. 1840ஆம் ஆண்டில் அரசு பிறப்பித்த முடிக்குரிய காணிகள் பற்றிய 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் சேனைநிலமும், உரிமை நாட்டப்படாதவிடத்து, முடிக்குரியன என்று கொண்டது. அவ்வாறு முடிக்குரியதாகிய காடு, அக்காலத்தில் ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்னும் மலிந்த விலைக்கு விற்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்துவந்த சிங்களக் கிராமத்து உழவன் தன் உரிமையைக் காட்டும் ஓலையோ காகிதமோ இல்லாது நின்றான். ஒருவர் தோட்டம் தொடங்கிய நாள், மற்றொருவர் சேனை முடிந்த நாள். மேலும் ஒன்று கூறவேண்டும். கோப்பிக் காலத்தில் பெருங்காட்டை வெட்டிச் சாய்க்கும் வேலையை ஒப்பந்த முறையில் பல இடங்களில் சிங்களக் கிராமத்தவரே செய்தனர். குழி வெட்டுதல், கன்று நடுதல், களை எடுத்தல், பாதை அமைத்தல், பழம் பறித்தல் ஆகிய இடையறாத வேலைகளைத் தமிழ்த் தொழிலாளர் செய்தனர். ஆகவே, முதல் வெட்டு இரு இனத்தார் கையிலும் இருந்தது. பின்னாளில் ஒருவரையொருவர் அந்நியர் என்று எண்ண நேர்ந்த இரு மக்கட்கூட்டத்தார், ஒரே மலைச்சரிவில் ஒரே வேலையின் இரு பகுதிகளைச் செய்தவர்கள் என்பது மறக்கத்தக்கது அன்று.

கோப்பி நெடுநாள் நிலைக்கவில்லை. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அதனை அழித்தது. மலைநாட்டில் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. சப்பிரகமுவத்தின் தாழ்ந்த, மழை மிகுந்த சரிவுகளுக்கோ மற்றொரு பயிர் வந்து சேர்ந்தது. அதுவே இறப்பர். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுவந்த விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைக்க வைக்கப்பட்டன. அவற்றின் கன்றுகளில் ஏறத்தாழ 1,900 அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடைப் பூங்காவில் அவை நடப்பட்டன. 1889ஆம் ஆண்டில் கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்து சப்பிரகமுவ மாகாணம் என்னும் தனி மாகாணம் ஆயின. 1902ஆம் ஆண்டில் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை அவிசாவளையை எட்டியது. 1912ஆம் ஆண்டில் அது இரத்தினபுரிக்கும், 1919ஆம் ஆண்டில் ஓப்பநாயக்கவுக்கும் நீண்டது. மேல்நாடுகளில் மோட்டார் வண்டி பெருகிய காலம் அது. வண்டிச் சக்கரத்துக்கு இறப்பர் வேண்டியிருந்தது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிற்ற முதலிய இடங்களின் சரிவுகளில் புதுக்காடுகள் எழுந்தன.

இறப்பர் மரம் நட்டு ஆறு, ஏழு ஆண்டுகள் சென்றபின்னரே பாலுக்கு ஆகும். அடிமரம் உரிய பருமனை அடைந்ததும் அதனை வெட்டுக்கு விடுவர். இதனையும் ஆங்கிலத் தோட்டத்துறையார் மரத்தைத் 'திறத்தல்' என்றே கூறுவர். பட்டையின் உட்பகுதியில் பால் ஓடும் நுண்குழல்கள் உள்ளன. இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து செல்லும் சாய்வான கோட்டில், மெல்லிய சீவலாகப் பட்டையைக் கத்தியால் நீக்கவேண்டும். கத்தி ஆழப் பாய்ந்து மரத்தின் வளர்படையைத் தொட்டுவிட்டால் அவ்விடம் முடிச்சு விழுந்து பாழாகும். ஆழம் போதாவிட்டால் பால் குறையும். விடியற்காலையில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் தளரும். ஆகவே, பனி விலகுமுன் சிரட்டையும் கத்தியுமாக மரத்தடிக்குச் செல்லவேண்டும். பட்டை நனைந்தால் பால் வழிந்து வீணாகும். மழைக்காலை வெட்டில்லாக் காலை ஆயிற்று. வெட்டு இல்லையேல் பேர் இல்லை. சப்பிரகமுவத்தில் மழை எவ்வளவு என்பதை அங்கு வாழ்ந்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேர் என்றேன். இது தோட்டத்துத் தமிழின் அருஞ்சொல். ஒருவர் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர். பாதி நாள் செய்தால் அரைப்பேர். பெயர் என்பது மனிதனை அழைக்கும் ஒலியாக மட்டும் அங்கே நிற்கவில்லை. அது அன்றைய கூலியும் ஆயிற்று. தோட்டத்தில் ஒருவரின் வாழ்வு தொடங்குவதைக் குறிக்கவும் அச்சொல்லே உதவிற்று. தொழிலாளியாகப் பதிவுபெறுதலைப் பேர் பதிதல் என்றனர். விடியுமுன் தப்பு ஒலிக்கும். பிரட்டுக்களத்தில் ஆட்கள் நிற்பர். கங்காணி ஆளெண்ணிக் காட்ட, கணக்கப்பிள்ளை வேலை பிரிப்பார். அந்த வரிசையில் முதன்முறை நின்று பேர் பதிந்த நாளே ஒருவரின் 'பிகின்'. ஆனால் அதன் தேதியைத் தொழிலாளி எழுதி வைக்கவில்லை. எழுதும் ஏடு அவர் கையில் இல்லை. அது ஆபீசில் இருந்தது.

ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிற் புதிதாகத் தொடங்க விரும்பினால், அதற்கும் ஒரு காகிதம் வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். இன்னின்ன ஆட்களின் கடனைத் தீர்த்தால் அவர்களை விடுவிக்கலாம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடன் வளர்ந்தது, துண்டு கைமாறியது, கடனோடு மனிதரும் கைமாறினர். 1921ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அதற்கு முன்னர், பழைய கடன் முடியாமல் ஒரு புதுத் தொடக்கம் தோட்டத் தொழிலாளிக்கு இல்லை என்பதே நடைமுறை.

இப்பொழுது 'கொமென்ஸ்' என்னும் கச்சேரிச் சொல்லுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழியாற் பிரசையாக வேண்டுமாயின், அவர் தந்தையும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். தான் பிறந்த மண்ணில் தன் வாழ்வு தொடங்கிற்று என்று காட்டினால் மட்டும் போதாது. தன் தந்தையின் தொடக்கத்தையும் காட்டவேண்டும். லயத்து அறையிற் பிறந்து லயத்து அறையிலேயே மறைந்தவருக்கு எந்தப் பெட்டியில் அந்தக் காகிதம் இருக்கும்?

அடுத்த ஆண்டில் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். 1946 ஜனவரி முதலாம் நாளுக்கு முன், மணமாகாதவர் பத்து ஆண்டும், மணமானவர் ஏழு ஆண்டும் இடையறாது இங்கே வதிந்திருக்க வேண்டும் என்றது. ஒரு முறையேனும் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டுச் சென்றிருப்பின், வதிவு இடையறுந்ததாகும். நேயர்களே, இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபின், ஊருக்குப் போய்வருதல் எளிதாயிற்று. தாய் நோயுற்றாள் என்று சென்றவர், தங்கை திருமணத்துக்கென்று சென்றவர், பிள்ளைப்பேற்றுக்கென்று சென்றவர் எத்தனை பேர்! அவருள் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டவர் இருபது ஆண்டு உழைத்திருந்தாலும், திரும்பிவந்த நாளே அவர்க்குப் புதுத் தொடக்கம் ஆகிவிடும்.

தொழிலாளியின் நினைவில் தொடக்கம் வேறு விதமாகக் கிடந்தது. பெரிய மண்சரிவு நடந்த வருடத்தில் வந்தோம் என்பார். மூத்த மகள் தவழ்ந்த காலத்தில் இம்மலைக்குக் குழி வெட்டினோம் என்பார். பழைய துரை போய்ப் புதிய துரை வந்த மாதம் என்பார். இவையெல்லாம் உண்மையான தேதிகளே. வீட்டுச் சொல்லாகிய 'பிகின்' அவற்றை ஏற்கும். சட்டச் சொல்லாகிய 'கொமென்ஸ்' ஏற்காது. அதற்கு நாளும் மாதமும் ஆண்டும் வேண்டும். சான்றுக்குக் காகிதம் வேண்டும். அச்சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பிரசாவுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கும் சென்றது. சென்ற வழி சப்பிரகமுவத்தின் வழியே என்பது குறிப்பிடத்தக்கது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசைகளுக்கு மட்டுமே வாக்குரிமை என்று வரையறுத்தது. கேகாலை மாவட்டத்தில் கோடகன்பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்குமாறு கேட்டார். இடாப்பை மீளாய்வு செய்த அதிகாரி சிவஞானசுந்தரம் அக்கோரிக்கையை ஏற்றார். எந்தச் சமூகத்துக்கும் பிறருக்கில்லாத தடையை விதிக்கும் சட்டம் செல்லாது என்று அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு கூறிற்று. அதற்கு இச்சட்டங்கள் முரணானவை என்பதே அவர் கருத்து. பதிவு அதிகாரியாயிருந்த முதனாயக்க உயர் நீதிமன்றத்தை நாடினார். 1951ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் சிவஞானசுந்தரத்தின் முடிவை நீக்கியது. கோடகன்பிள்ளை இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றார். 1953ஆம் ஆண்டில் அங்கும் அவர் முறையீடு தள்ளப்பட்டது. ஒரு நாட்டின் பிரசை யார் என்று வகுப்பது அந்நாட்டுச் சட்டமன்றத்தின் உரிமை, இச்சட்டம் எந்தச் சமூகத்தையும் குறிவைத்ததாகக் கொள்ள இயலாது என்பது தீர்ப்பின் சாரம். ஒரு மனிதர் தம் பேரை ஓர் இடாப்பிற் பதியக் கேட்டார். மரத்தடியில் கத்தியெடுத்த நாள்தோறும் பேர் போடப்பட்ட மக்களுக்கு, வாக்குப் பெட்டியின் முன்னே பேர் இல்லாமற் போயிற்று.

அதே காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் இதனருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். 1952 டிசம்பரில் இலங்கை சீனாவுடன் இறப்பர் அரிசி ஒப்பந்தம் செய்தது. ஆண்டுதோறும் 50,000 மெட்ரிக் தொன் இறப்பர் கொடுத்து, 2,70,000 மெட்ரிக் தொன் அரிசி பெறுவதென்பது உடன்பாடு. உலகில் அரிசி அரிதாய், இறப்பர் விலை சரிந்து நின்ற வேளையில், அது நாட்டைக் காத்த ஒப்பந்தம் என்று அரசியலார் பலரும் போற்றினர். அந்த இறப்பரில் ஒரு பெரும் பங்கு கேகாலைச் சரிவுகளிலிருந்து சென்றது. பட்டையைச் சீவிப் பாலெடுத்தவருள் எத்தனையோ பேர் அந்நாட்டின் பிரசைகள் அல்லர். நாட்டின் உலையில் அரிசி கொதிப்பதற்குத் தொடக்கம் அவர்கள் வெட்டிய வெட்டு. ஆனால் தங்கள் வதிவின் தொடக்கத்தை அவர்களாற் காட்ட முடியவில்லை.

பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவேன். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றோர் என எண்ணப்பட்ட 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என வகுக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974ஆம் ஆண்டில் முடிவாயிற்று. தலைமன்னார்க் கரையில் தகரப்பெட்டியோடு நின்றவருள் தமிழகத்தைக் கண்ணாற் கண்டிராதவர் பலர். அவர்களைத் தாயகம் திரும்புவோர் என்று ஏடுகள் எழுதின. ஒருபோதும் புறப்படாத இடத்துக்குத் திரும்புவது எங்ஙனம்?

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் கைமாறின. 1977ஆம் ஆண்டிலும் 1981ஆம் ஆண்டிலும் வன்செயல் தோட்டங்களைத் தாக்கிற்று. 1981 ஓகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி, காவத்தை, றக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் லயங்கள் எரிந்தன. வன்செயலால் இடம்பெயர்ந்த மலையகத்தார் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று, அங்கே மீண்டும் காடு வெட்டிக் குடிசை கட்டினர். முப்பாட்டன் செய்த முதல் வேலையைக் கொள்ளுப்பேரன் வேறொரு காட்டிற் செய்ய நேர்ந்தது. இது தொடக்கமா, முடிவா என்று எந்த அகராதி கூறும்?

2003ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்தவரும் அவர் வழித்தோன்றல்களும் பிரசைகளாக வழி பிறந்தது. இங்கும் ஒரு தொடக்கத் தேதி உண்டு என்பதை நேயர்கள் கவனிக்கலாம். 1949ஆம் ஆண்டின் சட்டம் தேதியைச் சல்லடையாகக் கொண்டது. 2003ஆம் ஆண்டின் சட்டம் தேதியை வாசலாகக் கொண்டது. 'கொமென்ஸ்' என்னும் சொல்லின் வேர்ப்பொருள் உட்செல்லுதல் என்று முன்னே கண்டோம். அரை நூற்றாண்டுக்கு மேல் வெளியே நிறுத்தப்பட்டவருக்கு அச்சொல் தன் வேர்ப்பொருளை அப்போதுதான் காட்டிற்று.

2023ஆம் ஆண்டில் மலையகத் தமிழர் தாம் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்தனர். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த திசையில் ஒரு நடைபயணம் சென்றனர். சரியாக எந்த ஆண்டில், எந்தத் தோணியில் முதல் தொழிலாளி வந்திறங்கினார் என்பதை வரலாற்றாசிரியர் ஆராயட்டும். அந்த நடையின் கருத்து அதனிலும் பெரிது. தங்கள் தொடக்கத்தைப் பிறர் கேட்டுத் தாங்கள் காட்டுவது என்னும் நிலை மாறி, தாங்களே எழுவாயாக நின்று 'நாங்கள் தொடங்கினோம்' என்று கூறியது அந்த நடை. பழைய பதிவேட்டு வாக்கியத்தில் இடம்பெறாத எழுவாய் அது.

இறப்பர் மரத்தின் பட்டைக்கு ஓர் இயல்பு உண்டு. வெட்டு ஆழம் மீறாதிருந்தால், சீவிய இடத்திற் பட்டை மீண்டும் வளரும். சில ஆண்டுகள் சென்றபின் அதே இடத்தில் திரும்பவும் வெட்டலாம். கத்தி எங்கே நிற்கவேண்டும் என்பதை அறிந்த கையே நல்ல கை என்பர். சட்டம் எழுதும் கைக்கும் அது பொருந்தும்.

'பிகின்' என்னும் சிறு சொல்லை மறுபடியும் ஆங்கிலப் பாடப் புத்தகத்திற் பிள்ளைகள் காண்பார்கள். தொடங்கு என்று பொருள் எழுதுவார்கள். எட்டியாந்தோட்டையிலோ றக்குவானையிலோ ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் அதனை எழுதும் பிள்ளை, வீட்டுக்குப் போய்த் தன் பாட்டியிடம் 'அப்பாயி, நாம எப்போ இங்க தொடங்கினோம்?' என்று ஒரு முறை கேட்கட்டும். பாட்டி தேதி சொல்லமாட்டாள். ஆனால் எந்த மலைக்கு யார் குழி வெட்டினார் என்று சொல்வாள். அதை அப்பிள்ளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.